உருவம் சாட்சி ஆகுமா?

புதுக்கோட்டை மாவட்டத்தின் மேற்கே நார்த்தாமலை, சித்தன்னவாசல், குடுமியான்மலை என்று கருங்கல் குன்றுகள். கிழக்கே போகப் போகச் செம்புறாங்கல்லும் மணற்கல்லும். நரிமேட்டில் கல்மரம் கிடைத்ததும் இந்த மாவட்டத்தில்தான். பொற்பனைக்கோட்டை அகழாய்வில் சூதுபவள மணி கிடைத்ததும் இங்கேதான். தமிழ்நாட்டுக் கல்மரங்கள் பெரும்பாலும் சிலிக்காவாக மாறியவை, சூதுபவளமும் சிலிக்காவே. இந்த இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு கல்லை வைத்துப் பார்க்க வேண்டும். அதுவும் சிலிக்காதான். உத்தரப் பிரதேசத்தின் பாந்தாவில், கேன் ஆற்றுப் படுகையில் கிடைக்கும் சஜர் கல் அந்த வகை: அகேட்டுக்குள்ளே அச்சு அசலாக ஒரு செடி. கல்மரத்தில் ஒரு மரம் உண்மையாகவே இருந்தது. சஜர் கல்லில் எந்தச் செடியும் ஒருபோதும் இருந்ததில்லை. பொருளும் ஒன்று, தோற்றமும் ஒன்று என்னும்போது, உருவத்தை நம்பி எதையாவது முடிவு செய்யலாமா? கல்லைப் பற்றிய கேள்வியாக இது தொடங்கினாலும் கடவுளைப் பற்றிய கேள்வி வரை போகிறது.

அப்படி ஒரு கல்லை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் பால் கலந்தாற்போன்ற உடலில் கறுப்புக் கிளைகள் தெரியும்; அடி தடித்திருக்கும், நுனி மயிரிழையாகப் பிரிந்திருக்கும். கூர்ந்து பார்த்தால் அந்தக் ‘செடி’ பெரும்பாலும் ஒரு நுண்ணிய விரிசலிலிருந்து புறப்பட்டு, விரிசலின் தளத்தை ஒட்டியே படர்ந்திருக்கும். மாங்கனீசும் இரும்பும் கலந்த நீர் அந்த வழியே கசிந்து படிந்ததால் வந்தது அது. முதலில் ஒட்டிய துகள் கொஞ்சம் துருத்திக்கொண்டு நிற்கிறது. அடுத்து வருவது அதன் நுனியிலேயே மாட்டிக்கொள்கிறது. உள் இடுக்குக்கு எதுவும் போய்ச் சேருவதில்லை. 1981இல் விட்டன், சாண்டர் என்ற இரு இயற்பியலாளர்கள் இதைக் கணினியில் செய்து காட்டினார்கள். தற்செயலாக அலையும் துகள்கள், தொட்ட இடத்தில் ஒட்டிக்கொள்ள வேண்டும் என்ற ஒரே விதி: இவ்வளவிலேயே கிளைவிட்ட உருவம் எழுந்தது. விதை வேண்டியதில்லை, வேர் வேண்டியதில்லை, வரைந்த கையும் வேண்டியதில்லை.

நம் அளவை நூல்கள் இந்த நிலைமையை நன்றாக அறிந்தவை. பதின்மூன்றாம் நூற்றாண்டின் சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார், கடவுளைப் பற்றிப் பேசத் தொடங்குமுன் அறிவு எப்படி வருகிறது என்பதைத்தான் பேசுகிறது. காட்சியில் ஐயமும் திரிபும் கலக்கும் என்று பிரித்துக் காட்டுகிறது. தூரத்தில் நிற்பது கட்டையா, ஆளா என்பது ஐயம். கயிற்றைப் பாம்பு என்றே முடிவு செய்துவிடுவது திரிபு. கல்லைப் பார்த்து ‘செடியோ, கறையோ’ என்று நிற்பவரிடம் குறை ஒன்றுமில்லை. ‘செடியேதான்’ என்று சாதிப்பவர்தான் திரிபில் விழுகிறார். ஆக, ஒப்புமை ஐயத்தை எழுப்பும்; அந்த ஐயத்தைத் தீர்க்கும் வலு அதற்குத் தனியாகக் கிடையாது. தீர்க்க வேண்டுமானால் அந்தப் பொருள் எப்படிப் பிறந்தது என்று கேட்டாக வேண்டும்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு உண்டு. கல்மரத்தை மரம் என்று சொல்பவரும் ஒப்புமையைத்தானே நம்புகிறார்? திருவக்கரையிலும் சாத்தனூரிலும் கிடப்பவற்றை இன்றைய மரங்களோடு ஒப்பிட்டுத்தானே பெயர் வைத்தார்கள்? உண்மைதான். ஆனால் எந்த ஆழம் வரை ஒப்புமை செல்கிறது என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது. கல்மரத்தைச் சீவி, ஒரு மில்லிமீட்டரில் முப்பதில் ஒரு பங்கு கனத்துக்குத் தேய்த்து நுண்ணோக்கியில் வைத்தால், நீர் ஏறிய குழாய்களும் குறுக்கே ஓடும் கதிர்களும் செல் சுவர்களும் தெரிகின்றன. வெறும் கண்ணுக்குத் தெரியாதிருந்த புதிய உறுப்புகள் இவை. ஒவ்வொன்றுக்கும் மரத்தின் வாழ்வில் ஒரு வேலை இருந்தது. அகேட்டின் கிளையைப் பெரிதாக்கினால் கிளைக்குள் இன்னும் சிறு கிளை, அதன் பின் துகள். செல் என்று ஒன்று கடைசி வரை வராது. முதல் ஒப்புமை தோண்டத் தோண்டப் பெருகுகிறது. இரண்டாவது கொஞ்ச ஆழத்திலேயே தீர்ந்துபோகிறது. பெருகும் ஒப்புமைக்குப் பிறப்புத் தொடர்பைத் தவிர வேறு காரணம் சொல்வது கடினம். கிடைத்த இடமும் சாட்சி சொல்லும்: பூமியின் ஆழத்து வெப்பத்தில் உருவான நார்த்தாமலைக் கருங்கல்லுக்குள் இலை தங்கியிருக்க வழியில்லை, ஆறு கொண்டுவந்து சேர்த்த மணற்கல்லில் மரம் புதைந்திருக்கலாம்.

இதைச் சமயத்துக்குக் கொண்டுபோனால் பலருக்குச் சங்கடமாக இருக்கும். உருவம் தானாகவே எழும் என்றால், இயற்கையில் உருவத்தைக் கண்டு படைத்தவனை ஊகிக்கும் வழக்கம் என்ன ஆவது? 1726இல் ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் பேராசிரியர் பெரிங்கர், மலையில் கிடைத்த உருவக் கற்களைப் பற்றி ஒரு நூலே வெளியிட்டார். தவளை, சிலந்தி, எபிரேய எழுத்தில் இறைவன் பெயர் எனப் பலவும் அவற்றில் இருந்தன. உடன் பணிபுரிந்தவர்களே செதுக்கச் செய்து போட்டுவைத்த போலிகள் அவை. உருவத்தையே சாட்சியாக்கும் நம்பிக்கை இவ்வளவு எளிதில் ஏமாறும். மெய்கண்டாரின் சிவஞான போதம் அந்த வழியில் போகவில்லை. அதன் முதல் சூத்திரம் உலகின் அழகையோ எதனோடும் உள்ள சாயலையோ காட்டி வாதாடுவதில்லை. உலகம் தோன்றி, நின்று, ஒடுங்குவது என்பதால் அதற்கு ஒரு முதல் வேண்டும் என்கிறது. அந்த வாதத்தை ஏற்பதும் மறுப்பதும் வேறு விஷயம். சித்தன்னவாசலில் தவம் செய்த சமணர்கள் படைப்புக் கடவுளையே ஏற்காதவர்கள். ஆயினும் மண்ணையும் கல்லையும் உடலாகக் கொண்ட உயிர்கள் உண்டு என்றார்கள், கல்லில் செடி தெரிகிறதா என்று தேடாமலே. இரு தரப்பும் மோதுவது காரணம் பற்றி. தோற்றத்தைப் பற்றி அவர்களுக்குள் வழக்கே இல்லை. அதனால் அகேட்டின் ‘செடி’ வெறும் மாங்கனீசுக் கறை என்று தெரிந்தால் இருவருக்கும் எந்த இழப்பும் இல்லை.

அப்படியானால் சாளக்கிராமம்? கண்டகி ஆற்றில் கிடைக்கும் அந்தக் கல்லின் சுருளைத் திருமாலின் சக்கரமாகப் பூசிக்கிறார்கள். அது கடலில் வாழ்ந்த அம்மோனைட்டின் புதைபடிவம். அறிவியல் இந்தப் பூசையை மறுக்கிறதா என்று கேட்பவர் இரண்டு கூற்றுகளைக் குழப்புகிறார். ‘இதில் இறைவனை வழிபடுகிறேன்’ என்பது வழிபடுபவரின் உறவைச் சொல்கிறது. கல் எப்படிப் பிறந்தது என்று அது சொல்லவில்லை. ‘இதில் எந்த உயிரும் இருந்ததில்லை, சக்கரம்தான் பதிந்தது’ என்பது பிறப்பைப் பற்றிய கூற்று. அதைக் கல்லே பொய்யாக்கும். முதல் கூற்றை எந்த நுண்ணோக்கியும் தொடாது. இரண்டாவதைக் காப்பாற்றியே ஆக வேண்டும் என்று நினைப்பவர், பக்தியை அதற்குத் தேவையில்லாத ஓர் இடத்தில் பணயம் வைக்கிறார். செடி உருவக் கல்லுக்கும் இதே அளவுகோல் போதும். அதை அழகுக்காக வைத்துக்கொள்ளலாம், வணங்கவும் செய்யலாம். புதைபடிவம் என்று சீட்டு ஒட்ட மட்டும் உருவத்தைத் தாண்டிய சான்று வேண்டும்.