சுமைதாங்கி

கீரமங்கலம் பக்கத்துச் சாலையோரங்களில் இன்னும் சில சுமைதாங்கிகள் மிஞ்சியிருக்கின்றன. இரண்டு கல் நட்டு, மேலே குறுக்காக ஒரு கல். வயிற்றுப் பிள்ளையோடு செத்துப்போனவளுக்காக எழுப்புவது. அவள் இறக்கிவைக்காமல் போன சுமைக்குப் பதிலாக வழிப்போக்கன் தன் சுமையை அதில் இறக்கினால் அவள் ஆறுதலடைவாள் என்பது நம்பிக்கை. தலைச்சுமையே ஒழிந்துவிட்ட காலத்தில் கல் சும்மா நிற்கிறது.

இதை ஒரு படிமமாக வியப்பது நமக்குச் சுலபம். நானும் வியந்திருக்கிறேன். இப்போது அது தொந்தரவு செய்கிறது. கல் துக்கம் காக்கிறது, கேள்வி கேட்பதில்லை. பிரசவம் மறுபிறப்பு என்று சொல்லிவிட்டால் அந்தச் சாவு எவருடைய பொறுப்பும் அல்ல. விதி என்பது பல சமயம் நம் இரக்கத்துக்கு நாம் வைத்துக்கொள்ளும் எல்லை.

2001-03ல் தமிழ்நாட்டில் லட்சம் உயிர்ப் பிறப்புகளுக்கு 134 தாய்மார்கள் இறந்தார்கள். 2018-20ல் 54. விதி இப்படிக் குறையாது. அப்படியானால் முன்பு இறந்தவர்களில் பலரும் விதியால் இறக்கவில்லை என்றாகிறது. புள்ளிவிவரம் நம் பழைய துக்கங்களையும் திருத்தி எழுதுகிறது. 2023ல் உலகெங்கும் சுமார் 2,60,000 தாய்மார்கள் இறந்தார்கள். பத்தில் ஏழு பேர் சகாராவுக்குத் தெற்கே. 'ஆப்பிரிக்காவின் வறுமை' என்று அதைக் கடந்துபோகிறோம். இது விதிக்கு இன்னொரு பெயர்.

இச்சாவுகளை ஆராய்ந்த தடேயஸ், மெயின் இருவரும் 1994ல் மூன்று தாமதங்களைச் சொன்னார்கள். ஆஸ்பத்திரிக்குப் போக முடிவெடுப்பதில், போய்ச் சேர்வதில், சேர்ந்தபின் சிகிச்சை கிடைப்பதில். பிள்ளை பிறந்தபின் கருப்பை சுருங்காமல் ரத்தம் கொட்டினால் இரண்டு மூன்று மணி நேரம்தான். அதற்குள் மாமியார், கணவன், வண்டி, சாலை, நர்ஸ், ஊசி மருந்து, ரத்தம் எல்லாம் வந்துபோகின்றன. ஒவ்வொருவரும் கொஞ்சம் தாமதித்தால் போதும். எவரும் கொல்லவில்லை. அவள் செத்துப்போகிறாள்.

குற்றம் யாருடையது? தணிக்கை இதைக் கேட்க வந்தது. ஆனால் ஆளைத் தேடும் தணிக்கை சங்கிலியின் கடைசியில் நிற்பவளைத்தான் கண்டுபிடிக்கும். பெரும்பாலும் கிராம நர்ஸ். பயந்தவர்கள் செய்வது ஒன்றே: சாவு தங்கள் கட்டடத்தில் நிகழாதிருக்க, சீட்டு எழுதி மேலே அனுப்புவது. அவள் வழியில் இறக்கிறாள். பழிக்கு அஞ்சியே நான்காவது தாமதம் ஒன்று உண்டாகிறது.

இங்கிலாந்தில் 1952லிருந்தும், தென்னாப்பிரிக்காவில் தொண்ணூறுகளின் இறுதியிலிருந்தும் பெயர்களை மறைத்து விசாரிக்கிறார்கள். தவறு தெரிய வேண்டும். தவறியவர் தெரிய வேண்டாம். இது விவேகம். நீதியா? கைக்குழந்தையோடு நிற்பவனிடம், 'தவறு நடந்தது, ஆள் இல்லை' என்று எந்த முகத்தோடு சொல்வது? எனக்கு இதற்குச் சமாதானம் கிடைக்கவில்லை. அவனுக்குச் சேர வேண்டிய பதிலையும், அடுத்து வலி காணப்போகிறவளின் உயிரையும் ஒரே காகிதத்தில் எழுத முடியாது. இரண்டு காகிதம் வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றதை மறைப்பதுதான் அயோக்கியத்தனம்.

கீரமங்கலத்தின் பெயரை நக்கீரரோடு சேர்த்துப் பேசுவது ஊர் வழக்கம். கோயிலில் அவருக்குச் சிலையும் உண்டு. அந்தக் கதையில் அவர் பார்த்தது பாட்டை. பாட்டுக்குப் பின்னால் நிற்பவர் யார் என்று தெரிந்தபிறகும் தீர்ப்பை மாற்றவில்லை, எரிந்தார். ஆளைப் பாராமல் குற்றத்தைப் பார்ப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு நம்மிடமே சாட்சி இருக்கிறது. நாம் அதைப் புலமைச் செருக்குக்கு மட்டும் உதாரணமாக வைத்துக்கொண்டோம்.

கல்லைப் பிடுங்க வேண்டியதில்லை. அவள் பெயரை மறந்துபோன ஊரில் அவள் இறந்ததையாவது அது நினைவில் வைத்திருக்கிறது. ஆனால் அதில் நாம் இறக்கிவைக்கக் கூடாத சுமை ஒன்று உண்டு. அவள் ஏன் செத்தாள் என்ற கேள்வி.