சம்பாத்தியமும் சுதந்திரமும்: சில குறிப்புகள்

என் முதல் மாதச் சம்பளத்தை அத்தா வாங்கிக்கொள்ளவில்லை. அதில் கோபமோ நாடகமோ இல்லை. கவரை நீட்டியபோது, 'உன் மேல வருத்தம் ஒண்ணுமில்லப்பா, எனக்கு அது ஆகாது' என்றார். உடம்புக்கு ஒத்துக்கொள்ளாத பண்டத்தை விலக்குவது போல இருந்தது. கம்பம் பள்ளத்தாக்கில் ஓர் ஏலக்காய்க் கடையில் முப்பது வருஷத்துக்கு மேல் கணக்கு எழுதியவர் அவர். நான் வங்கியில் குமாஸ்தா. வங்கியின் வருமானம் வட்டி, வட்டி ஹராம், ஆகவே என் சம்பளம் அவருக்கு ஆகாது. தர்க்கம் இவ்வளவுதான். அன்று எனக்கு வயது 24. சம்பாதிக்கத் தொடங்கியதாலேயே சுதந்திரம் வந்துவிட்டதாக நம்பியிருந்த நான், கொடுக்க வந்ததைக் கொடுக்க முடியாமல் நின்றேன். அந்த நிலையைப் பற்றிப் பன்னிரண்டு வருஷங்களாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நம் வட்டாரத்தில் பொருளாதார சுதந்திரம் கேள்விக்கு அப்பாற்பட்ட ஒரு மதிப்பாகவே புழங்குகிறது. நம்மில் பாதிப்பேர் ஏதேனும் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தாக்களாக இருப்பதும் இதற்குக் காரணமாகலாம். மாதச் சம்பளம் தகப்பனிடமிருந்து விடுவிக்கும், விடுபட்டவன் எழுதுவான் என்பது நம்முடைய எழுதப்படாத கோட்பாடு. இதற்கு எதிரான சாட்சி காஃப்கா. 1908-லிருந்து பிராக் நகரில் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்தவர். சம்பளம் வாங்கத் தொடங்கிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகியும், 1919-ல், 36 வயதில், தகப்பனாருக்கு அந்த நீண்ட கடிதத்தை எழுத வேண்டியிருந்தது. அதுவும் அவர் கைக்குப் போய்ச் சேரவில்லை. சாதகமான சாட்சி வர்ஜீனியா வுல்ஃப். ஒரு பெண் எழுத வேண்டுமானால் வருஷத்துக்கு 500 பவுனும் தனக்கென்று ஓர் அறையும் வேண்டும் என்று 1929-ல் வாதிட்டவர். அவரிடம் பின்னால் வருகிறேன்.

முஸ்லிம் குடும்பங்களில் இந்த விஷயம் இன்னும் விசித்திரமானது. சட்டம் ஒன்றாகவும் பழக்கம் வேறொன்றாகவும் இருப்பதே காரணம். இந்துக்களின் மிதாட்சர முறையில் பிறந்த கணமே பிள்ளைக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு உண்டு. இஸ்லாமியச் சட்டத்தில் அப்படி இல்லை. தகப்பன் உயிரோடிருக்கும் வரை அவருடைய சொத்தில் பிள்ளைக்கு ஒரு செங்கல்லும் பாத்தியதை கிடையாது. பிள்ளை சம்பாதித்தது பிள்ளைக்கே. ஹனஃபி முறைப்படி, உடல்நலமுள்ள, வயதுவந்த மகனைப் போஷிக்கும் கடமை தகப்பனுக்கு இல்லை. தகப்பன் வறியவரானால் மட்டும் வசதியுள்ள பிள்ளை அவரைக் காப்பாற்றியாக வேண்டும். மகனும் மகனின் பொருளும் தகப்பனுக்கே உரியவை என்ற கருத்தில் ஒரு நபிமொழி உண்டு. அதைக்கூடப் பெரும்பாலான சட்ட அறிஞர்கள் தகப்பனின் தேவைக்கு உட்பட்டதாகவே வாசித்திருக்கிறார்கள். கூட்டுக்குடும்பச் சொத்து என்ற கருத்தே இங்கு இல்லை. சட்டத்தின் பார்வையில் குடும்பம் என்பது தனித்தனி ஆட்களின் தனித்தனிக் கணக்குகள்.

என் கௌண்டருக்கு வரும் குடும்பங்கள் அப்படி இல்லை. மகன் துபாயில் இருப்பான். பாஸ் புத்தகம் தகப்பனிடம் இருக்கும். அவன் அனுப்பும் பணத்தில், தகப்பன் பெயரில் உள்ள மனையில் வீடு எழும்பும். தகப்பன் இறந்தபின், அந்த வீட்டில் அக்காவுக்கும் தங்கைக்கும் பங்குண்டு என்று தெரியவரும்போது மகன் திகைத்துப்போகிறான். 'நான் கட்டின வீடு சார்' என்று என்னிடம் சொன்னவர்கள் உண்டு. சகோதரிகள் கேட்பது நியாயம். அவன் சொல்வதும் பொய்யில்லை. வாழ்ந்தது கூட்டுக்குடும்பமாக, பிரிவது தனியாட்களாக என்றால் இப்படித்தான் முடியும்.

பெண்களின் விஷயம் இதைவிடக் கூர்மையானது. மணமான பெண் தன் சொத்துக்குத் தானே உரிமையாளர் என்ற நிலையை இங்கிலாந்து 1882-ல்தான் சட்டமாக்கியது. இஸ்லாமியச் சட்டத்தில் அது ஆதியிலிருந்தே இருக்கிறது. மனைவி பணக்காரியானாலும் அவளைப் போஷிக்கும் பொறுப்பு கணவனுடையது. அவள் சம்பாத்தியத்தில் வீட்டுக்கு ஒரு ரூபாய் தர வேண்டுமென்று யாரும் அவளைக் கட்டாயப்படுத்த முடியாது. மேடைகளில் நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் விஷயம் இது. கௌண்டரில் நான் பார்ப்பது வேறு. பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்த பெண் கணக்குத் தொடங்க வருகிறாள். கேள்விகளுக்கெல்லாம் கூட வந்தவர் பதில் சொல்கிறார். படிவத்தில் கைபேசி எண் என்ற இடத்தில் அண்ணனின் எண். கணக்கு அவளுடையது, கையெழுத்தும் அவளுடையது, ஓ.டி.பி. மட்டும் அண்ணனின் சட்டைப்பையில் வந்து விழும். அவள் 300 ரூபாய்க்கு ஒரு புத்தகம் வாங்கினால் அந்தச் சட்டைப்பை அதை அறியும். மற்ற மதத்துக் குடும்பங்களிலும் இதே எண்களை எழுதித் தருகிறார்கள் என்பது உண்மை. ஆனால் உரிமை ஏட்டில் எவ்வளவு தெளிவாக இருக்கிறதோ அவ்வளவுக்கு இந்த இடைவெளி வெட்கப்பட வைக்கிறது.

வயதுவந்த ஒருவனிடமிருந்து அவன் பொருளை நிறுத்திவைக்கலாமா என்ற கேள்வி ஆயிரம் வருஷத்துக்கும் முந்தையது. அநாதைகளின் சொத்தை, அவர்கள் மண வயதை அடைந்து, அவர்களிடம் விவேகம் தென்பட்டதும் ஒப்படைத்துவிட வேண்டும் என்கிறது குர்ஆன். அந்த விவேகத்துக்கு ருஷ்து என்று பெயர். விவேகம் தென்படவே இல்லையென்றால்? ஊதாரியாகவே இருந்தால்? மற்ற அறிஞர்கள் காலவரம்பின்றி நிறுத்திவைக்கலாம் என்றார்கள். இமாம் அபூ ஹனீஃபா மறுத்தார். 25 வயதானால், ஊதாரியானாலும், அவன் பொருள் அவனிடம் போய்விட வேண்டும். அந்த வயதில் ஒருவன் தாத்தாவாகியிருக்கவும் கூடும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் முக்கியமானது. 12-ஆம் நூற்றாண்டின் ஹிதாயாவில் அது வருகிறது. சார்லஸ் ஹாமில்டனின் 1791-ஆம் வருஷத்து ஆங்கில மொழிபெயர்ப்பில்தான் நான் படித்தேன். புத்தி சுவாதீனமுள்ள ஒருவனின் கையைக் கட்டுவது அவனை மனித நிலையிலிருந்து கால்நடையின் நிலைக்கு இறக்குவது. பொருள் அழிவதைவிட அது பெரிய கேடு. இந்தத் தடைக்கு ஹஜ்ர் என்று பெயர். அபூ ஹனீஃபாவின் நேர் மாணவர்களான அபூ யூசுஃபும் முஹம்மதும்கூட இதில் அவருடன் உடன்படவில்லை. வயதுவந்த பெண் தன் திருமணத்தைத் தானே முடித்துக்கொள்ளலாம் என்றவரும் இவரே. இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே எண்ணம்: தவறு செய்யும் உரிமை இல்லாதவனை முழு மனிதன் என்று சொல்ல முடியாது.

இவர் கூஃபாவில் பட்டுத்துணி வியாபாரி. நீதிபதிப் பதவியை ஏற்க மறுத்துச் சிறைப்பட்டார், 767-ல் இறந்தார் என்று வரலாறு சொல்கிறது. அரசாங்கச் சம்பளம் வேண்டாமென்று சொல்லும் தெம்பு துணிக்கடையிலிருந்தும் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஆகவே பொருளுக்கும் சுதந்திரத்துக்கும் சம்பந்தமில்லை என்று நான் சொல்ல வரவில்லை. அந்தப் பெண்ணின் படிவத்தில் அவள் எண்ணே இருக்க வேண்டும். இதில் எனக்கு இரண்டு அபிப்பிராயம் கிடையாது.

என் சிக்கல் இதற்கு அப்பால் தொடங்குகிறது. விடுவிக்கும் பணம் எங்கிருந்து வருகிறது? வுல்ஃபின் கட்டுரையில் அந்த 500 பவுன், கதை சொல்லும் பெண்ணுக்கு ஓர் அத்தையின் உயிலால் கிடைக்கிறது. அந்த அத்தை பம்பாயில் குதிரையிலிருந்து விழுந்து இறந்தவள். பி.ஏ. வகுப்பில் இந்த வரியைக் கடந்துபோனோம். எங்களில் யாரும், ஓர் ஆங்கிலேய அத்தைக்குப் பம்பாயில் என்ன வேலை என்று கேட்கவில்லை. அத்தா கேட்டிருப்பார். பணத்தின் ஊற்றைக் கேட்பது அவருடைய பழக்கம்.

ஒருமுறை இதை வைத்தே அவரை மடக்கப் பார்த்தேன். 'நீங்க வேலை பார்க்கிற கடையும் பேங்க் கடன்லதானே நடக்குது?' என்றேன். 'தெரியும். அதான் வட்டி கட்டுற வரியை மட்டும் முதலாளியே எழுதுவார்' என்றார். வட்டியை வாங்குபவன், கொடுப்பவன், எழுதுபவன், சாட்சி நிற்பவன் எல்லோரையும் ஒன்றாகக் கண்டிக்கும் நபிமொழியை மனத்தில் வைத்து, வேலைக்குச் சேர்ந்த நாளிலேயே அவர் கேட்டுப் பெற்ற சலுகை அது. நான் சிரித்தேன். பேரேட்டில் ஒரு வரியை விட்டுவிட்டால் கை சுத்தமாகிவிடுமா என்று அப்போது எனக்குத் தோன்றியது. ஆகாதுதான். ஆனால் முழுச் சுத்தம் கிடைக்காத இடத்தில் ஒருவர் எங்கே கோடு கிழிக்கிறார், அதற்காக என்ன இழக்கத் தயாராக இருக்கிறார் என்பதில்தான் அவருடைய தார்மீகம் தெரிகிறது. கூலிக்குக் கணக்கு எழுதுகிறவர், 'இந்த வரியை எழுத மாட்டேன்' என்று முதலாளியிடம் சொன்னார். என் சம்பளத்தில் நான் எழுத மறுத்த வரி என்று ஒன்றும் இல்லை.

2023-ல் அவருக்குக் கண்புரை. கடையை விட்டு வந்துவிட்டார். ஆபரேஷனுக்கு 24,000 ரூபாய் குறைந்தது. தேவைக்கு மகன் பணத்தை வாங்கலாம் என்று பள்ளிவாசல் ஹஜ்ரத்தும் சொல்லிவிட்டார். அத்தா இரண்டு நாள் யோசித்து, 'கைமாத்தாக் குடு' என்றார். தன் நோட்டில் தேதியும் தொகையும் எழுதி, பக்கத்து வீட்டுக்காரரையும் என் மச்சானையும் சாட்சிக் கையெழுத்துப் போட வைத்தார். கண் தெளிந்ததும் வீட்டிலிருந்தபடியே இரண்டு சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுத ஆரம்பித்தார். மாதம் 500 ரூபாய் திருப்பித் தருகிறார்.

இங்கேதான் என் பழைய விளக்கம் உடைந்தது. என் பணம் வட்டிப் பணமென்றால், கைமாத்தாக வந்தாலும் அது வட்டிப் பணம்தானே? கடன் உண்ணப்படுவதில்லை, திரும்பிப் போய்விடுகிறது என்று ஒரு சமாதானம் சொல்லலாம். அவர் அப்படியே நினைத்திருக்கவும் கூடும், நான் கேட்கவில்லை. ஆனால் அவர் மறுத்ததில் வட்டி ஒரு பகுதி மட்டுமே என்று இப்போது தோன்றுகிறது. இன்னொரு பகுதி என்னைப் பற்றியது. அவர் என்னைச் சார்ந்திருக்க விரும்பவில்லை. தகப்பனிடமிருந்து விடுபடுவதைப் பற்றி எத்தனையோ எழுதியிருக்கிறோம். தகப்பனுக்கும் பிள்ளையிடமிருந்து விடுபட்டு நிற்கும் ஆசை இருக்கலாம் என்று நமக்குத் தோன்றியதில்லை. என் முதல் சம்பளக் கவரில் அன்பு இருந்தது. 'இனி நான் சொல்வதைக் கேளுங்கள்' என்பதும் சேர்ந்தே இருந்தது. கொடுப்பவனுக்கு அது தெரிவதில்லை, வாங்குகிறவருக்குத் தெரிந்துவிடுகிறது. அண்ணனின் எண்ணைப் படிவத்தில் எழுதும்போதும் அன்பு என்றுதான் சொல்கிறார்கள்.

மீதியைத் தள்ளிவிடலாமே என்கிறாள் என் மனைவி. கஷ்டத்தில் இருக்கும் கடனாளிக்கு அவகாசம் கொடு, தள்ளிவிட்டால் இன்னும் மேல் என்று வேதமே சொல்கிறது. ஆனால் அத்தா தன்னைக் கஷ்டத்தில் இருப்பவராகக் கருதவில்லை. அவர் கேட்காமல் நான் தள்ளினால் அது தர்மம் ஆகாது. அவர் மேல் நான் விதிக்கும் ஹஜ்ர் ஆகிவிடும். 25 வயதில் ஓர் ஊதாரிக்கே மறுக்கக்கூடாததை, பேரன் பேத்தி எடுத்த, கணக்குத் தெரிந்த ஒருவருக்கு நான் மறுப்பதாகும். அவர் காலத்துக்குள் தீராமற்போனால், பாகப்பிரிவினைக்கு முன் கடனைத் தீர்க்க வேண்டும் என்ற சட்டப்படி, நான் அவருடைய வாரிசாகவும் கடன்கொடுத்தவனாகவும் ஒரே நேரத்தில் நிற்க வேண்டிவரும். அதை நினைக்க எனக்கு விருப்பமில்லை.

இதுவரை 25 தவணை வந்திருக்கிறது. அவர் நோட்டில் 11,500 ரூபாய் பாக்கி. 5-ஆம் தேதி பஸ் ஏறி வந்து, சாப்பிட்டுவிட்டு, பணத்தை மேஜைமேல் வைக்கிறார். நான் எண்ணி வாங்கிக்கொள்கிறேன். எண்ணாமல் வாங்கினால் அவருக்குப் பிடிக்காது.