காப்புறுதியும் கடப்பாடும்

நோயுற்ற ஒருவரின் செலவை நோயற்ற பலர் பகிர்ந்து ஏற்பதே காப்புறுதி. இதனை வெறும் வணிக ஏற்பாடாகக் கருதுவோர் பலர். ஆயின், யார் யாருக்கு எவ்வளவு காலம் கடமைப்பட்டவர் என்னும் அறவியல் வினா அதனுள் அடங்கியுள்ளது. வன்னியிலிருந்து மத்திய கிழக்கு நாடுகளுக்கு வேலை தேடிச் செல்லும் இளையோரின் நிலை இவ்வினாவைக் கூர்மையாக எழுப்புகின்றது.

2009 இல் போர் முடிந்தபின் கடனும் தொழிலின்மையும் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களின் இளையோர் பலரைக் கட்டார், குவைத், சவூதி அரேபியா போன்ற நாடுகளுக்கு அனுப்பின. புறப்படுமுன் அவர்தம் உடல் பரிசோதிக்கப்படும். காசநோய் முதலியன காணப்படின் பயணமில்லை. எனவே, நலமுள்ள உடல்களே தெரிந்தெடுக்கப்படுகின்றன. சென்ற இடத்திற் பாதுகாப்பு அறவே இல்லையென்பதற்கில்லை. சவூதி அரேபியாவின் 1999 ஆம் ஆண்டுச் சட்டம் வெளிநாட்டு ஊழியரின் மருத்துவக் காப்புறுதியைத் தொழில் வழங்குநர்மேற் சுமத்தியது. ஐக்கிய அரபு அமீரகம் முழுவதிலும் 2025 சனவரி முதல் வீட்டுப் பணியாளருக்கும் அது கட்டாயமாயிற்று. எமது நாட்டில், 1985 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின்வழி அமைந்த வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்திற் பதிந்து செல்வோருக்கும் காப்புறுதி உண்டு. சுற்றுலா விசாவில், பதியாது செல்வோர் இதனை இழக்கின்றனர்.

அவ்வாறாயின் குறை யாது? காலமே குறை. ஒப்பந்தம் முடிய அங்குள்ள காப்புறுதி முடிகின்றது. நோய் அவ்வாறு முடிவதில்லை. கடும் வெயிலில் நீரிழந்து உழைப்பவரின் சிறுநீரகம் மெல்லப் பழுதடையக்கூடும். வளைகுடாவிலிருந்து திரும்பிய இளைஞரிடம் இந்நோயை நேபாள வைத்தியர்கள் கண்டுள்ளனர். ஊர் திரும்பியபின் நோய் வெளிப்படின், சுமை எமது அரச வைத்தியசாலைகளையும் அவர்தம் வீட்டாரையுமே சாரும். உழைப்பின் பயன் ஓரிடம். நோயின் சுமை வேறோரிடம்.

“ஊதியம் பெற்றான், விரும்பியே கையொப்பமிட்டான், கணக்குத் தீர்ந்தது” என்பர் சிலர். கடன்காரர் வாசலில் நிற்கையில் இட்ட கையொப்பத்தை முழுச் சுதந்திரத்தின் அடையாளமெனக் கொள்ளல் அரிது. மேலும், கணக்குத் தீர்த்துக் கைவிடுதல் கருவிக்குப் பொருந்தும், மனிதருக்குப் பொருந்தாது. மனிதரை வெறும் சாதனமாகக் கொள்ளலாகாது எனச் செர்மானிய மெய்யியலாளர் காண்ட் வற்புறுத்தியதும் இதனையே.

எமது கிராமங்களின் மரண உதவிச் சங்கங்களை எண்ணிப் பார்ப்போம். அங்கும் சந்தாவும் விதிகளும் உண்டு. ஆயினும், பல்லாண்டு சந்தா கட்டியும் தன் வீட்டில் மரணம் நிகழாதவர் தம்மை நட்டப்பட்டவராகக் கருதுவதில்லை. அயலவரின் துயரிற் பங்குகொண்டதாகவே கருதுகின்றார். இவ்வுணர்வே காப்புறுதியின் உயிர். தனக்கு நோய் வராதென நம்பிப் பதியாது செல்லும் இளைஞனும், ஒப்பந்தம் முடிந்த நாளோடு தன் கடமை முடிந்ததென எண்ணும் முதலாளியும் இதனை மறந்தவராவர்.

ஆதலின், உழைப்பைப் பெறும் நாடுகள் செலுத்தும் காப்புறுதி, தொழிலாளர் நாடு திரும்பிய பின்னரும் சில ஆண்டுகள் தொடரவேண்டும். அதனை ஒப்பந்தங்களிற் சேர்க்குமாறு கேட்பது எமது அரசின் கடமை. இது இரந்து பெறும் சலுகையன்று. அவ்வுழைப்பு ஈட்டிய உரிமையேயாம்.