புயலும் பொறுப்பும்

புயல் அடித்து ஓய்ந்த மறுநாள், மாண்டவர்களைக் குறித்து உலகத்தார் கூறும் சமாதானங்கள் மூன்று. "அவர்கள் தலைவிதி" என்பர் ஒரு சாரார். "தெய்வ கோபம்" என்பர் மற்றொரு சாரார். நாலெழுத்துப் படித்தவர்களோ "இயற்கையின் சீற்றம்" என்று சொல்லி முடித்துக்கொள்வர். முதலிரண்டும் பாமரர் பேச்சென்றும், மூன்றாவது அறிவாளர் பேச்சென்றும் நாம் எண்ணிக்கொள்கிறோம். சற்று ஊன்றி நோக்கின் மூன்றும் ஒரே காரியத்தைச் செய்வது விளங்கும். மூன்றும் மனிதனைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுகின்றன. புயலினால் நேரும் சாவுக்கு மனிதருள் எவரேனும் பொறுப்பாளி உண்டா என்ற கேள்வியை எழவொட்டாமல் அமுக்கிவிடுகின்றன. அக்கேள்வியை எழுப்பி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் புயல் என்பது யாதென அறிதல் வேண்டும். சமுத்திரத்தின் மேல்நீர் ஏறத்தாழ 27 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேறி நிற்குங்காலத்தில், அதிலிருந்து நீராவி மிகுதியாக எழுகின்றது. எழுந்த நீராவி உயரே சென்று குளிர்ந்து மேகமாகும்பொழுது, தன்னுள் அடங்கியிருந்த வெப்பத்தை வெளியிடுகின்றது. அவ்வெப்பத்தால் காற்று மேலும் மேலும் எழும்ப, கீழே அழுத்தம் குறைகின்றது. குறைந்தவிடத்தை நோக்கிச் சுற்றிலுமுள்ள காற்று ஓடிவருகின்றது. பூமி சுழன்றுகொண்டிருப்பதால் அக்காற்று நேராக வராமல் வளைந்து சுழல்கின்றது. இவ்வளவே புயல். இதில் கோபமுமில்லை, கருணையுமில்லை. 1964-ஆம் வருஷம் டிசம்பர் 22-ந் தேதி இரவு தனுஷ்கோடியைக் கடல் விழுங்கியபோது, ரயிலில் வந்த பிரயாணிகளையும் கரையில் உறங்கிய மீனவரையும் அலை ஒன்றுபோலவே வாரிச் சென்றது. அவர்தம் பாவபுண்ணியக் கணக்கை அது கேட்கவில்லை. ஆகவே காற்றைக் குற்றவாளியாக்குவதும் மதியீனம். மாண்டவர்களைப் பாவிகளாக்குவது அதனினும் கொடுமை.

நிற்க, இந்நாட்டில் வாழும் நமக்கும் புயலுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் வினவலாம். நம் பாட்டன்மார் "ரஜூலா" முதலிய கப்பல்களின் தளத்தில் மூட்டையும் முடிச்சுமாகக் கிடந்து, நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும், இன்று கிள்ளான் துறைமுகம் என வழங்கும் போர்ட் சுவெட்டன்ஹாமுக்கும் வந்து சேர்ந்தார்கள். ஐப்பசி கார்த்திகையில் வங்கக் கடல் எத்தகையது என்பது அவர்களுக்குத் தெரியும். அக்கடலைக் கடந்து மலாக்கா நீரிணைக்குள் புகுந்தபின், இனி அபாயமில்லை என்று ஆறுதலடைவது இயல்பே. அவ்வாறுதலுக்குக் காரணமும் இருந்தது. பூமத்திய ரேகைக்கு அருகே பூமிச் சுழற்சி காற்றை வளைக்கும் வலிமை மிகக் குறைவு. ஒருபுறம் சுமத்திராவும் மறுபுறம் தீபகற்பமும் நெருக்குவதால் நீரிணையில் புயல் வளர இடமும் போதாது. நாம் கண்டறிந்ததெல்லாம் விடியற்காலையில் கிள்ளான் கரையில் மோதி, ஓரிரு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும் சுமத்திராக் காற்று ஒன்றே.

ஆனால் வழக்கத்தில் இல்லாதது என்பது வேறு. வரவே வராதது என்பது வேறு. 2001-ஆம் வருஷம் டிசம்பர் 27-ந் தேதி, பூமத்திய ரேகையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை டிகிரி தூரத்தில் உருவான "வாமெய்" என்னும் புயல் ஜொகூரில் கரையேறிற்று. 2021 டிசம்பரில் தென்சீனக் கடலிலிருந்து வந்த ஒரு தாழ்வு மண்டலம் தீபகற்பத்தைக் குறுக்கே கடந்தபோது, ஒரு மாதத்து மழை ஒரே நாளில் கிள்ளான் பள்ளத்தாக்கில் கொட்டிற்று. ஷா ஆலம், தாமான் ஸ்ரீ மூடாவில் ஜனங்கள் கூரைமீதும் மாடியிலும் ஏறிப் படகுக்குக் காத்திருந்ததை நாம் மறந்துவிடவில்லை. அவ்வெள்ளத்தில் நாடெங்கும் ஐம்பதின்மருக்கு மேற்பட்டோர் மாண்டனர். 2025 நவம்பர் இறுதியிலோ, "சென்யார்" என்னும் புயல் மலாக்கா நீரிணையிலேயே பிறந்து, சுமத்திராவின் வடபாகத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன மழையையும் வெள்ளத்தையும் விளைவித்தது. நம் பாட்டன்மாரின் ஆறுதல் இனி நமக்குப் போதாது.

இனி, கேள்விக்கு வருவோம். 1999-ஆம் வருஷம் அக்டோபரில் ஒரிஸ்ஸாக் கரையைத் தாக்கிய பெரும்புயலில் ஏறத்தாழ 10,000 பேர் மாண்டனர். 2013 அக்டோபரில் "பைலின்" என்ற கடும்புயல் அதே மாகாணத்தைத் தாக்கியது. புயல் வருமுன்பே ஏறத்தாழ பத்து லக்ஷம் ஜனங்கள் கடலோரத்தினின்று அகற்றப்பட்டனர். மாண்டவர் தொகை ஐம்பதை எட்டவில்லை. கடல் அதே கடல். ஏழைகளும் அதே ஏழைகள். இடையே மாறியது மனிதரின் ஏற்பாடு ஒன்றே. புயல் பாதுகாப்பு விடுதிகள் கட்டப்பட்டன. எச்சரிக்கை கிராமந்தோறும் சென்றது. அவ்வாறாயின் முன்னே மாண்ட பதினாயிரவருள் மிகப் பலரைக் கொன்றது காற்று மட்டுமா? காற்றைப் பிறப்பிப்பது இயற்கை. ஆனால் எத்தனை பேர் சாவர் என்பதையும், எவர் சாவர் என்பதையும் பெரும்பாலும் தீர்மானிப்பது மனிதர் செய்ததும் செய்யாது விட்டதுமாகும்.

இதற்கு ஒரு மறுப்புண்டு. "எச்சரிக்கை செய்தோம், அவர்கள் கேட்கவில்லை. நாங்கள் என்ன செய்வது?" என்பதே அது. இது நியாயம்போலத் தோன்றும். ஆனால் "செய்தோம்" என்ற சொல்லையே முதலில் சோதிக்க வேண்டும். 1970 நவம்பரில் அந்நாள் கிழக்குப் பாகிஸ்தானை அழித்த புயலைச் செயற்கைக் கோள் முன்னரே கண்டது. எனினும் தீவுகளில் வாழ்ந்த உழவர்க்கு, ஓடி ஒளிய ஓரிடமுமின்றி, அந்த அறிவு பயன்படவில்லை. மூன்று லக்ஷத்துக்குக் குறையாதோர் மாண்டதாகக் கணிக்கப்படுகிறது. 2017 நவம்பர் இறுதியில் "ஒக்கி" விரைந்து உருவானபோது, கன்னியாகுமரி மீனவர் பலர் முன்னமே ஆழ்கடலுக்குச் சென்றிருந்தனர். கரையில் ஒலித்த செய்தி படகுக்கு எட்டவில்லை. கேட்க இயலாதவனிடம் சொன்னது சொன்னதாகாது.

செவியில் விழுந்தும் எழுந்து போகாதவன் நிலை என்ன? அவனை மூடன் என்று ஏசுமுன், அவன் கணக்கையும் பார்த்தல் வேண்டும். நாட்கூலிக்காரன் ஒருநாள் வேலையைவிட்டுப் போனால் அன்றைய உணவு போயிற்று. வீட்டைப் பூட்டிச் சென்றால் உள்ள நாலு பாத்திரமும் திருடு போகலாம். போய்ச் சேரும் இடத்தில் பெண்டுபிள்ளைகளுக்கு ஒதுங்க மறைவுண்டா என்பதும் தெரியாது. 2025 நவம்பரில் "டித்வா" புயல் இலங்கையில் அறுநூற்றுக்கு மேற்பட்டோரைப் பலிகொண்டபோது, மலைநாட்டுத் தோட்டங்களில் லயங்கள்மீது மண் சரிந்தது. சரிவின் ஓரத்தில் வீடு வேண்டும் என்று அத்தொழிலாளர் விரும்பிக் கேட்டார்களா? போக்கிடமில்லாதவனைப் "போ" என்று சொல்லிவிட்டு, அவன் மாண்டபின் "கேட்கவில்லை" என்பது அவனுக்கு இழைக்கும் இரண்டாவது அநீதியாகும்.

மற்றொரு மறுப்பு இதனினும் நுட்பமானது. எச்சரித்த புயல் வாராது போனால், அடுத்த முறை எவன் நம்புவான்? எனவே நிச்சயமானாலன்றி வாய் திறவாதிருப்பதே மேலன்றோ என்பர். பயனின்றிப் பயமுறுத்துவதும் ஒரு தீங்கே என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆயினும் இரண்டு தீங்குகளையும் தராசிலிட்டுப் பார்க்க வேண்டும். வாராத புயலுக்கு அஞ்சியவன் ஒருநாட் கூலியை இழக்கிறான். அதை ஈடுசெய்ய வழியுண்டு. வந்த புயலை அறியாதவன் இழப்பதற்கு ஈடு ஏது? அறிந்தவன் கடமை, அறிந்த அளவை அறிந்தபடியே சொல்வது. "வரக்கூடும், உறுதியில்லை; ஆயினும் இன்றிரவு மேட்டுக்குச் செல்வது நலம்" என்று காரணத்தோடு சொன்னால், வாராதபோதும் ஜனங்கள் நம்பிக்கை இழக்கமாட்டார்கள். கேட்பவனுக்கும் கடமையுண்டு. வழியும் இடமும் இருந்தும் வீம்புக்காகத் தங்குபவன், தன்னை மீட்க வரும் படகோட்டியின் உயிரையும் பணயம் வைக்கிறான்.

தோட்டத்துக் கிராணி வேலையிலிருக்கும் எம்போன்றோர்க்கு இது தூரத்து விஷயமன்று. வானிலை எச்சரிக்கையை ஆபீசிலிருப்பவன் மலாயிலோ ஆங்கிலத்திலோ உடனே படித்துவிடுகிறான். லயத்துக் கிழவிக்கு அது எட்டுவது அவன் கையில் இருக்கிறது. இன்று நம் தோட்டங்களில் வங்காளதேசத்தாரும் இந்தோனேசியரும் ஏராளம். ஒரு காலத்தில் நம் பாட்டன்மார் பாஷை தெரியாமல் விழித்து நின்ற இடத்தில் இன்று அவர்கள் நிற்கிறார்கள். நம் பாட்டனுக்கு எவரும் சொல்லாது விட்டது அநியாயம் என்று நாம் கருதுவோமாயின், இவர்களுக்கு நாம் சொல்லாது விடுவதற்கு வேறு பெயரிட முடியாது. பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவிலும் இதே நியாயந்தான். ஆற்றங்கரையில் குடியிருக்கும் பாத்திரம் கழுவும் பையனுக்கு, வெள்ளம் வருமென்று முதலாளி தெரிந்தும் சொல்லாதிருந்தால், அந்த மௌனம் நடுநிலைமையாகாது.

1864-ல் கல்கத்தாவைத் தாக்கிய புயலில் பதினாயிரக்கணக்கானோர் மாண்டபின்னரே, மறுவருஷம் அத்துறைமுகத்தில் புயல் எச்சரிக்கை முறை ஏற்பட்டது. 1875-ல் இந்திய வானிலை இலாகா தோன்றிற்று. இன்று நமக்குக் கிடைக்கும் அறிவு அத்தனை சாவுகளை விலையாகக் கொடுத்து வாங்கியதாகும். அதைத் தன் வீட்டுக் கதவோடு நிறுத்திக்கொள்ள எவனுக்கும் உரிமையில்லை. அடுத்த பருவக்காற்று தொடங்குமுன், ஒவ்வொரு தோட்டத்துப் பெரட்டிலும், ஒவ்வொரு தாமான் சங்கத்திலும் மூன்று விஷயங்கள் முடிவாக வேண்டும்: செய்தியை யார் யாரிடம் எந்தப் பாஷையில் சொல்வது, நடக்கமுடியாதவரை யார் தூக்கிச் செல்வது, அன்றைய கூலிக்கு யார் பொறுப்பு என்பவை. இவற்றுக்கு விடையில்லாத இடத்தில் மறுநாள் "விதி" என்று சொல்ல எவர்க்கும் வாயிருக்கலாகாது. வாசகர்கள் சிந்திப்பார்களாக.