விட்டுப் போனவரின் புதுப் பாட்டு



திருத்தூதர் பணிகள் நூலின் 15-ஆம் அதிகாரம் முடிகிற இடத்தை இன்று பெண்ணாடம் பங்கு மக்களாகிய உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன். பவுலும் பர்னபாவும் ஒன்றாகப் புறப்பட்டவர்கள், ஒன்றாக விரட்டப்பட்டவர்கள். அவர்களே பிரிகிறார்கள். காரணம் மாற்கு என்ற இளைஞர். முதல் பயணத்தில் பம்பிலியாவிலேயே குழுவை விட்டுத் திரும்பிப் போனவர் அவர். அவரை மறுபடி சேர்த்துக்கொள்வோம் என்கிறார் பர்னபா. கூடவே கூடாது என்கிறார் பவுல். பேச்சு முற்றி, பர்னபா மாற்கோடு சைப்பிரசுக்குக் கப்பலேறுகிறார். பவுல் சீலாவோடு வேறு வழி போகிறார். இந்நூலை எழுதிய லூக்கா இதை மூடி மறைக்கவில்லை. அந்த நேர்மைக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

நம் காலத்திலும் ஒரு குழுவிலிருந்து தனியே வந்த ஒருவர் உண்டு. நம் இளைஞர்களுக்குத் தெரிந்த பெயர்தான்: பாடகர் அறிவு, அரக்கோணத்துக்காரர். 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதன்முதலாக மேடையேறியது. இயக்குநர் பா. ரஞ்சித்தும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்த்த குழு. அயோத்திதாசப் பண்டிதரின் சிந்தனையிலிருந்து எடுத்த பெயர். கானாவும் பறையும் ராப்பும் கிட்டாரும் ஒரே மேடையில் முழங்கின. அந்தக் கூட்டத்தில் ஒருவராக அறிவு நின்றார். பிறகு 'அம்பாசா' என்ற தன் சொந்தக் குழுவோடு பாடத் தொடங்கினார். 2024-இல் 'வள்ளியம்மா பேராண்டி' என்ற தொகுப்பை வெளியிட்டார்.

வள்ளியம்மா அவருடைய பாட்டி. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர். 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 மலையகத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தது. அந்த மக்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்படி இடம்பெயர்ந்த தலைமுறையைச் சேர்ந்தவர் அந்தப் பாட்டி. வரலாற்றுப் புத்தகத்தில் வெறும் எண்ணாகிப் போனவர்களில் ஒருவரைப் பேரன் பெயர் சொல்லி மேடைக்கு அழைத்து வந்துவிட்டார்.

அவருடைய புதுப் பாட்டுகளை நேரில் கேட்டபோது எனக்கு மாற்குதான் நினைவுக்கு வந்தார். குழுவில் இருந்தபோது ஊர் முழுவதின் கோபத்தையும் சேர்ந்து பாடிய குரல், தனியே வந்தபின் தன் வீட்டுக் கிழவியின் உழைப்பைப் பாடுகிறது. அங்கே கற்றதுதான் இங்கே பேசுகிறது. ஆனால் அங்கேயே இருந்திருந்தால் இந்தப் பாட்டு வந்திருக்குமா?

நாமோ எப்போதும் பழைய பாட்டைத்தான் கேட்கிறோம். திருவிழாக் கச்சேரியில் பாடகர் ஒரு புதுப் பாட்டைத் தொடங்கட்டும், உடனே கீழேயிருந்து துண்டுச்சீட்டு போகும். மனிதர்களையும் அப்படித்தான் நடத்துகிறோம். பாடகர் குழுவிலிருந்து ஒருவர் விலகினால், அன்பியக் கூட்டத்தில் ஒருவர் முரண்பட்டுப் போனால், அதோடு அவர் கதை முடிந்தது என்று பேசுகிறோம். அவர் இப்போது என்ன செய்கிறார் என்று விசாரிப்பதுகூட இல்லை. இது பாவம், பிள்ளைகளே. தூய ஆவியார் ஒருவருக்குத் தந்த கொடையைக் கேட்க மறுப்பதை வேறு எப்படிச் சொல்வது?

இந்த மண்ணுக்கு அந்தக் குணம் இருந்ததில்லை. விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் கோணான்குப்பத்தில் பெரியநாயகி அன்னைக்கு ஆலயம் எழுப்பிய வீரமாமுனிவர், பிறந்த இத்தாலியை விட்டு வந்து தேம்பாவணியைத் தமிழில் பாடினார். புதிதாக வந்த குரலை நம் முன்னோர் உட்கார்ந்து கேட்டார்கள்.

பவுலும் பின்னால் மாறினார். சிறையிலிருந்து திமொத்தேயுவுக்கு எழுதும்போது, மாற்கைக் கூட்டி வா, அவர் என் பணிக்குத் தேவை என்கிறார். வேண்டாம் என்று தள்ளிய அதே மனிதர்! குழுவை விட்டுப் போன அந்த மாற்குதான் நற்செய்தியை எழுதியவர் என்பது திருச்சபையின் மரபு. நான்கு நற்செய்திகளில் அதுவே முந்தியது என்று அறிஞர்களில் பெரும்பாலோர் சொல்கிறார்கள்.

ஆகவே பங்குப் பேரவையாரிடமும் பாடகர் குழுவினரிடமும் ஒன்று கேட்கிறேன். நம்மை விட்டுப் போய், சென்னையிலோ கடலூரிலோ தனியாகப் பாடிக்கொண்டிருக்கும் நம் பிள்ளைகளை வரும் திருவிழாவுக்கு அழையுங்கள். ஒரு மாலையை அவர்களுக்கென்று ஒதுக்குங்கள். அவர்களே எழுதிய பாட்டைப் பாடச் சொல்லுங்கள். நீங்கள் எல்லோரும் வந்து, முன்வரிசையில் உட்கார்ந்து, கடைசிவரை கேளுங்கள்.