ஐந்தாவது குருவி

பொதுக்காலம் 12ஆம் ஞாயிறு, முதல் ஆண்டு
மத்தேயு 10:26-33



இன்று வாசிக்கக் கேட்ட நற்செய்தியில் ஒரு சந்தை விலை வருகிறது. ஒரு காசுக்கு இரண்டு சிட்டுக்குருவிகள். இதையே லூக்கா எழுதும்போது கணக்கு சற்று மாறுகிறது: இரண்டு காசுக்கு ஐந்து. நான்குதானே வர வேண்டும், ஐந்தாவது எப்படி வந்தது? காய்கறிச் சந்தைக்குப் போய்வரும் தாய்மார்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கூடுதலாக வாங்கினால் பையில் போட்டுத் தரும் கொசுறு அது. அந்தக் காசு, ஒரு கூலியாளின் நாள் சம்பளத்தில் பதினாறில் ஒரு பங்கு. ஆட்டுக்கறிக்கு வழியில்லாத வீடுகளில் குருவி வாங்கிச் சமைத்தார்கள். ஏழைகளின் கறியாகிய அந்தக் குருவிகளிலும் ஐந்தாவதற்கு விலையே கிடையாது. அதையும் கடவுள் மறப்பதில்லை என்கிறார் ஆண்டவர். சொல்லிவிட்டு, நீங்கள் அந்தக் குருவிகள் பலவற்றையும்விட மேலானவர்கள் என்று தம் சீடர்களிடம் சொல்கிறார்.

எந்தச் சூழலில் சொல்கிறார் என்று பாருங்கள். பன்னிருவரையும் ஊர் ஊராக அனுப்பப் போகிறார். உங்களைப் பிடிப்பார்கள், அடிப்பார்கள், கொல்லவும் செய்வார்கள் என்று முன்கூட்டியே எச்சரிக்கிறார். மீன் பிடித்தவர்கள், வரி வசூலித்தவர், பெயர் மட்டும் தெரிந்த சிலர். அவர்களில் யாராவது செத்தால் எருசலேமிலோ உரோமையிலோ கேட்க நாதி இல்லை. இவ்வளவு மலிவாகச் சாகப் போகிறவர்களிடம்தான் அந்தப் பேச்சு.

ஆகவே, மனித உயிர் விலங்கின் உயிரைவிட மேலானதா என்று கேட்டால், ஆம் என்பதுதான் நற்செய்தியின் பதில். அதைச் சுற்றி வளைக்க வேண்டியதில்லை. எல்லா உயிரும் ஒன்றுதான், மனிதனுக்கு மட்டும் என்ன தனி மதிப்பு என்று நம் இளைஞர்கள் சிலர் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியில் இருக்கும் இரக்கத்தை நான் மதிக்கிறேன், முடிவை ஏற்கவில்லை. ஆனால் இன்னொன்றையும் கவனியுங்கள். குருவி ஒன்றுக்கும் உதவாத பொருளாக இருந்தால், அதைவிட மேலானவர்கள் என்று சீடர்களிடம் சொல்வதில் என்ன ஆறுதல் இருக்கிறது? குப்பையைவிட நீ மேல் என்று சொன்னால் யாருக்காவது தைரியம் வருமா? குருவிமேல் கடவுளுக்கு இருக்கும் அக்கறை உண்மையாக இருந்தால்தான் அந்தப் பேச்சுக்கே பொருள் உண்டு. குருவியைக் கீழே தள்ளி மனிதரை உயர்த்தும் வேலையை இயேசு இங்கே செய்யவில்லை.

மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகள் ஒருநாள் என்னை மடக்கினார்கள். "சாமி, வீடு தீப்பிடிச்சு எரியுது. உள்ள நம்ம நாய் மாட்டிக்கிச்சு, முன்ன பின்ன தெரியாத ஒரு ஆளும் மாட்டிக்கிட்டாரு. ஒருத்தரைத்தான் தூக்கிட்டு வர முடியும். யாரைத் தூக்குவீங்க?" ஆளைத்தான் என்றேன். நாய் வளர்க்கிற இரண்டு பிள்ளைகளுக்கு முகம் சுண்டிவிட்டது. இன்று கேட்டாலும் அதே பதில்தான். ஆனால் இயேசு யாரிடமும் இப்படி ஒரு கேள்வியைக் கேட்டதாக நற்செய்தியில் நான் பார்க்கவில்லை. இரண்டில் ஒன்று சாகத்தான் வேண்டும் என்று முதலிலேயே முடிவுகட்டிவிட்டுப் போடும் புதிர் இது. அவர் கேட்ட கேள்வியில் ஆடு பிழைக்கிறது.

அது மத்தேயு 12ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. ஓய்வுநாள், தொழுகைக்கூடம். கை சூம்பிய ஒருவர் அங்கே இருக்கிறார். வலக்கை என்று லூக்கா குறிப்பிடுகிறார். யூதக் கிறிஸ்தவரிடையே வழங்கிய ஒரு பழைய நற்செய்தி நூலைப் படித்த புனித எரோணிமுஸ், அந்த மனிதர் ஒரு கொத்தனார் என்று அதில் இருந்ததாக எழுதிவைத்திருக்கிறார். கைத்தொழிலால் பிழைத்தவர், வெட்கப்பட்டுப் பிச்சை எடுக்க விடாதீர் என்று இயேசுவிடம் கெஞ்சினாராம். கரண்டி பிடிக்கும் கை போனால் கொத்தனாருக்கு என்ன மிச்சம்? கட்டட வேலைக்குப் போகும் நம் பங்கு மக்களுக்கு அது தெரியும்.

ஓய்வுநாளில் குணப்படுத்துவது முறையா என்று கேட்டு, குற்றம் கண்டுபிடிக்கச் சிலர் காத்திருக்கிறார்கள். இயேசு ஆட்டைப் பற்றித் திருப்பிக் கேட்கிறார். உங்களிடம் இருக்கும் ஒரே ஆடு ஓய்வுநாளில் குழிக்குள் விழுந்தால் தூக்க மாட்டீர்களா? அந்தக் காலத்தில் இது நிஜமாகவே விவாதிக்கப்பட்ட கேள்வி. சாக்கடல் சுருள்களை விட்டுச்சென்ற குழுவினரின் சட்டத்தில், ஓய்வுநாளில் குழிக்குள் விழுந்த விலங்கைத் தூக்கக் கூடாது என்றே இருக்கிறது. பிற்கால ரபிகள் சற்று இளகிய மனதுக்காரர்கள். மெத்தை, தலையணைகளைக் குழிக்குள் போடு, ஆடு தானாக ஏறி வரட்டும் என்று வழி சொன்னார்கள். ஆனால் கலிலேயாவில் ஒற்றை ஆட்டை வைத்துப் பிழைக்கும் குடியானவர் எந்தச் சட்டத்தையும் புரட்டிப் பார்த்திருக்க மாட்டார். குழிக்குள் இறங்கியிருப்பார். அது தவறு என்று இயேசு சொல்லவே இல்லை. ஆட்டைத் தூக்கிய கையோடு இந்த மனிதரையும் தூக்குங்கள் என்கிறார்.

ஆட்டைத் தூக்குகிறவர்கள் இவரை ஏன் விட்டார்கள்? ஆட்டுக்கு உடையவர் உண்டு. ஆடு செத்தால் நட்டம் ஒருவரைச் சேரும். கை சூம்பிய கொத்தனார் யாருடைய சொத்தும் இல்லை. அவர் நாளைக்கு வந்து குணமடைந்தால் போதாதா என்று அவர்களால் நிம்மதியாகக் கேட்க முடிந்தது. ஆகவே அவர்கள் ஆட்டைக்கூட உயிராக மதித்தார்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதன் விலையை மதித்தார்கள்.

அந்த நிகழ்ச்சி முடிகிற விதம் இன்னும் மோசம். இயேசு அவரைக் குணப்படுத்தியதும், பரிசேயர் வெளியே போய் இயேசுவை எப்படி ஒழிக்கலாம் என்று சூழ்ச்சி செய்தார்கள். அதற்கு ஓய்வுநாள் தடையாக இருக்கவில்லை. பிறகு ஒரு விலையும் பேசப்பட்டது: முப்பது வெள்ளிக்காசு. விடுதலைப் பயண நூல் 21ஆம் அதிகாரத்தில் அந்தத் தொகை ஏற்கெனவே இருக்கிறது. ஒருவனுடைய மாடு இன்னொருவனுடைய அடிமையை முட்டிக் கொன்றால், அடிமையின் உரிமையாளருக்குக் கொடுக்க வேண்டிய நட்ட ஈடு அது. மாடு முட்டிச் செத்த அடிமைக்கு என்ன விலையோ, அதே விலைக்கு நம் ஆண்டவரை விற்றார்கள்.

நம் நாட்டுக்கு வருவோம். மராட்டியத்தில் மகத் என்று ஓர் ஊர். அங்கே சவுதார் குளம் என்று ஒரு பொதுக்குளம். மாடு குடிக்கலாம், நாய் குடிக்கலாம், யாரும் விரட்ட மாட்டார்கள். தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்கள் மட்டும் அந்தத் தண்ணீரைத் தொடக் கூடாது. பொது நீர்நிலைகள் எல்லாருக்கும் திறந்தவை என்று பம்பாய்ச் சட்டமன்றம் 1923இல் தீர்மானம் போட்டது. மகத் நகராட்சியும் மறு ஆண்டில் அதை ஏற்றது. ஏட்டில் ஏற்றதோடு சரி. 1927 மார்ச் 20 அன்று டாக்டர் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு ஊர்வலமாகப் போய், குளத்தில் இறங்கி, ஒரு கை நீர் அள்ளிக் குடித்தார். கூட வந்தவர்களும் குடித்தார்கள். அன்றைக்கே அவர்களை அடித்தார்கள். பிறகு குளம் தீட்டுப்பட்டுவிட்டதென்று, சாணமும் கோமியமும் பாலும் தயிரும் 108 பானைகளில் கலந்து ஊற்றிச் சுத்திகரித்தார்கள். அந்தத் தண்ணீர் எல்லாருக்கும் உரியது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல 1937 ஆயிற்று.

மனிதர் தொட்ட நீரைச் சுத்தப்படுத்த மாட்டின் சாணம். இதில் மாட்டின்மேல் ஒரு குற்றமும் இல்லை, பாவம். மாட்டை நேசித்ததால் வந்த வினை இது என்றும் நான் சொல்ல மாட்டேன். சிலர் மனிதரே அல்லர் என்று முடிவு செய்த பிறகு, அதை நிலைநாட்டக் கைக்குக் கிடைத்த கருவி மாடு, அவ்வளவுதான்.

அது வேறு மதத்தாரின் கதை என்று இங்கே யாரும் சாய்ந்து உட்கார வேண்டாம். திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளத்தில், சாதிக்கு ஒரு பக்கமாக உட்காரக் கோவிலுக்குள்ளேயே தடுப்புச்சுவர் இருந்தது. அதை 1910இல்தான் இடித்தார்கள். அந்தச் சுவர் போனது. எத்தனையோ பங்குகளில் கல்லறைத் தோட்டத்துச் சுவர் இன்னும் நிற்கிறது. பொங்கலுக்கும் வனத்து அந்தோணியார் திருநாளுக்கும் மாடுகளை மந்திரிக்கக் கோவில் முற்றம்வரை ஓட்டி வருகிறோம். கொம்புக்கு வண்ணம் பூசி, மாலை போட்டு. நான் விருப்பத்தோடு செய்யும் சடங்குகளில் அது ஒன்று; மாடு தலையைச் சிலுப்பும்போது தீர்த்தம் என் மேலேயே தெறிக்கும். அந்த மாடு எந்தத் தெருவிலிருந்து வருகிறது என்று யாரும் கேட்பதில்லை. செத்துப்போன மனிதரைத் தூக்கி வரும்போது கேட்கிறோம்.

சரி, இரண்டு உயிரும் உண்மையிலேயே மோதிக்கொள்ளும் இடங்கள் இல்லையா? உண்டு. வெறிநாய் கடித்தால் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி போட்ட காலம் இங்குள்ள பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அந்த மருந்து ஆட்டின் மூளையிலிருந்து தயாரானது. 1907இல் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் நிறுவனம் முதலிய இடங்களில், ஆடுகளுக்கு வெறிநோயின் கிருமியை ஏற்றி, மூளையை எடுத்து, கிருமியைச் செயலிழக்கச் செய்து ஊசிமருந்தாக்கினார்கள். எத்தனையோ ஆடுகள் செத்தன, எத்தனையோ பிள்ளைகள் பிழைத்தார்கள். அது தவறா? தவறில்லை. தேவையான இடத்தில், நியாயமான வரம்புக்குள், மனித உயிரைக் காக்க விலங்கைப் பயன்படுத்தலாம் என்றே திருஅவையின் மறைக்கல்வி நூல் கூறுகிறது. தேவையில்லாமல் விலங்கைத் துன்புறுத்துவது மனித மாண்புக்கே எதிரானது என்றும் அதே இடத்தில் கூறுகிறது. இன்னொரு வரியும் அங்கே உண்டு, வசதியானவர்களுக்குக் கசக்கும்: மனிதரின் துயர் துடைக்க முதலில் போக வேண்டிய பணத்தை விலங்குகளுக்குச் செலவிடுவதும் தகாது. பிறகு ஆய்வுக்கூடத்தில் செல்களை வளர்த்து இன்னும் நல்ல மருந்து செய்யும் வழி வந்தது. ஆட்டு மூளை மருந்து தயாரிப்பதை இந்தியா 2004இன் இறுதியில் நிறுத்தியது. நிறுத்தியதுதான் முறை. பிள்ளையைக் காக்க வேறு வழி கிடைத்த அன்றே, ஆட்டைக் கொல்ல நமக்கிருந்த நியாயம் தீர்ந்துபோயிற்று.

தெருநாய் வழக்கையும் இப்படித்தான் பார்க்கிறேன். 2025 ஆகஸ்டில், தலைநகர்ப் பகுதியின் தெருநாய்களை எல்லாம் காப்பகத்தில் அடைக்கும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. சில நாள்களிலேயே அதைத் திருத்தி, கருத்தடையும் தடுப்பூசியும் செய்து பழைய இடத்திலேயே விடும்படி சொன்னது. வெறிபிடித்தவையும் மூர்க்கமானவையும் மட்டும் விலக்கு. நாடே நாய்க்கட்சி, பிள்ளைக்கட்சி என்று இரண்டாகப் பிரிந்து திட்டிக்கொண்டது. கடிபடுவது யார்? நடைபாதையில் தூங்கும் குடும்பத்துப் பிள்ளை, இரவு வேலை முடிந்து சைக்கிளில் திரும்பும் தொழிலாளி. காரில் போகிறவர் அல்லர். நாய்க்குச் சோறு வைப்பவர்கள் இதை மறக்கக் கூடாது. ஆனால் மருத்துவம் சொல்வது என்ன? ஓர் ஊரில் பத்து நாய்களில் ஏழுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால், வெறிநோய் நாய்விட்டு நாய் பரவும் சங்கிலி அறுந்துபோகும். நாயைக் கவனித்தால் பிள்ளை பிழைக்கும்.

யோனா நூலின் கடைசியில் கடவுள் ஒரு கணக்குச் சொல்கிறார். நினிவேயை நான் ஏன் விட்டுவிட்டேன் தெரியுமா என்று அந்தக் கோபக்கார இறைவாக்கினரைக் கேட்கிறார். வலக்கை எது இடக்கை எது என்றுகூடத் தெரியாத மக்கள் 1,20,000 பேருக்கு மேல் அங்கே இருக்கிறார்கள் என்கிறார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஏராளமான கால்நடைகளும் உண்டு என்று சேர்த்துக்கொள்கிறார். யோனா பதில் சொன்னதாக நூலில் இல்லை. கேள்வியோடு நூல் முடிகிறது.

இரண்டு அறிவிப்புகள். அடுத்த ஞாயிறு இரண்டாம் திருப்பலி முடிந்ததும், கால்நடை மருத்துவர் நம் கோவில் முற்றத்துக்கு வருகிறார். வீட்டு நாய், தெரு நாய் எதுவானாலும் வெறிநோய்த் தடுப்பூசி இலவசம். கயிறு கட்டிப் பிடித்து வாருங்கள். போன முறைபோல அவிழ்த்துவிட்டு, அவை பீடம்வரை ஓடி வரும்படி செய்ய வேண்டாம். அன்று மாலை ஆறு மணிக்குப் பங்குப்பேரவை கூடுகிறது. நம் கல்லறைத் தோட்டத்தின் நடுச்சுவரைப் பற்றி மட்டுமே பேசப் போகிறோம். சுவருக்கு இரு பக்கத்தாரும் வர வேண்டும், அன்பியப் பொறுப்பாளர்கள் எல்லாரும் வர வேண்டும். நேரமாகிறது, விசுவாச அறிக்கைக்கு எழுந்து நிற்போம்.