இலாபம் எப்போது உரிமையாகிறது?

பிறர் முதலை வைத்து வாணிபம் நடத்துகிறவர் இலாபத்தில் தம் பங்கை எடுத்துக்கொள்கிறார். பின்னர் அந்த இலாபமே பொய்க் கணக்கு என்று தெரியவருகிறது. எடுத்ததை அவர் திருப்பித் தர வேண்டுமா? "பொய் எழுதியவன் நானல்லன்; என் கீழுள்ளோர் எனக்குத் தெரியாமல் எழுதினர்" என்று அவர் சொன்னால் தீர்ப்பு யாது? மிகப் பழைய இக்கேள்வி, அமெரிக்காவில் என்ரான் கம்பெனி வீழ்ந்தபோது புதிய உருவில் எழுந்தது.

ஹூஸ்டன் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட அக்கம்பெனி எரிவாயுவிலும் மின்சாரத்திலும் வாணிபம் செய்தது. 2000 ஆகஸ்டில் அதன் பங்கு ஒன்று சுமார் 90 டாலருக்கு விற்றது. 2001 டிசம்பர் 2ஆம் நாள் திவால் மனு கொடுத்தபோது விலை ஒரு டாலருக்கும் கீழே. நெடுங்கால ஒப்பந்தங்களில் இனி வரக்கூடுமென மதிப்பிட்ட ஆதாயத்தை அன்றே வந்ததாக எழுதினர். கடன்களைத் தாமே உண்டாக்கிய வேறு நிறுவனங்களின் பெயரில் மறைத்தனர்.

இத்தகைய கம்பெனிகளின் தலைவர்களுக்குச் சம்பளத்தோடு பங்கு வாங்கும் உரிமையும் தரப்படுகிறது. இன்று 40 டாலர் விற்கும் பங்கைச் சில ஆண்டுகள் கழித்தும் அதே 40 டாலருக்கு அவர் வாங்கலாம். விலை 90 ஆனால் பங்கொன்றுக்கு 50 டாலர் ஆதாயம். விலை இறங்கினாலோ வாங்காமல் விட்டுவிடலாம், கைப்பொருள் நட்டமில்லை. முதலாளியின் நலனும் மேலாளரின் நலனும் ஒன்றாகும் என்பதே இதற்குச் சொல்லப்பட்ட நியாயம். அதை நான் முற்றும் தள்ளவில்லை. ஆனால் பங்கின் விலை இலாபமன்று. இலாபத்தைப் பற்றி மக்கள் கொள்ளும் எண்ணம். அந்த எண்ணத்தை உருவாக்கும் கணக்கோ மேலாளரின் கையில் இருக்கிறது.

2001 செப்டம்பரில் தலைவர் கென்னத் லே, பங்கு மலிவாகக் கிடைக்கிறதென்று ஊழியர்களிடம் புகழ்ந்தார். அதே ஆண்டில் தம் பங்குகளைக் கம்பெனிக்கே விற்றுப் பல கோடி டாலர் பெற்றிருந்தார். ஊழியர்களின் ஓய்வுக்காலச் சேமிப்பில் பாதிக்கு மேல் என்ரான் பங்குகளே. கம்பெனி தன் கொடையாக அளித்த பங்குகளை ஐம்பது வயதுக்கு முன் விற்க முடியாது. விலை சரிந்துகொண்டிருந்த இலையுதிர் காலத்தில், நிதியை நிர்வகிக்கும் நிறுவனம் மாறுவதாகச் சொல்லிச் சில நாட்கள் எவரும் அச்சேமிப்பில் கை வைக்க முடியாதபடி அடைத்தும் வைத்தனர்.

லேயும், அவருக்கு அடுத்த நிலையிலிருந்து தலைமை நிர்வாகியாக உயர்ந்த ஜெஃப்ரி ஸ்கில்லிங்கும், மோசடி எதையும் அறியோம் என்றே சாதித்தனர். 2006 மே மாதம் ஜூரிகள் அதை ஏற்கவில்லை. ஸ்கில்லிங்குக்கு 24 ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிறை. 2013இல் அது 14 ஆண்டாகக் குறைந்தது. லே தண்டனை விதிக்கப்படுமுன் மரணமடைந்தார். மேல்முறையீடு கேட்கப்படாத குற்றத்தீர்ப்பு நிலைக்காது என்ற விதிப்படி அவர்மீதான தீர்ப்பும் நீக்கப்பட்டது. ஊழியரின் நட்டம் அவ்விதியால் நீங்கவில்லை.

ஹனஃபி சட்ட நூல்களில் முளாரபா என்றொரு பாடம் உண்டு. ஒருவர் முதல், மற்றவர் உழைப்பு, இலாபத்தில் இருவருக்கும் பங்கு. அங்கே இலாபம் முதலுக்குக் காவல். இடையில் இலாபத்தைப் பிரித்துக்கொண்டு வாணிபத்தைத் தொடர்ந்து, பிறகு முதல் அழிந்தால், பிரித்த இலாபத்தைக் கொண்டுவந்து முதலை நிரப்ப வேண்டும். இதை நடத்தும்போதெல்லாம் மாணவர் ஒருவர், "உழைத்தவன் கூலியைப் பறிப்பது நீதியா, ஹஜ்ரத்?" என்று கேட்கத் தவறுவதில்லை. அவன் ஒப்புக்கொண்டது கூலிக்கன்று, இலாபத்தின் பங்குக்கு. இலாபம் இல்லையெனில் பங்கேது என்பேன். திருப்பித் தருவது தண்டனையன்று. தண்டிக்கக் குற்றம் நிரூபணமாக வேண்டும். திருப்பிக் கேட்க, பொருள் அவனுடையதன்று என்பதே போதும். ஆகவே "அறியேன்" என்ற சொல் சிறையிலிருந்து ஒருவரைக் காக்கலாம். கையிலுள்ள பணத்தை அவருடையதாக்காது.

அமெரிக்கச் சட்டமும் தட்டுத்தடுமாறி இவ்வழிக்கே வந்திருக்கிறது. 2002இன் சார்பேன்ஸ்-ஆக்ஸ்லி சட்டம், தலைமை நிர்வாகியும் நிதித் தலைவரும் கணக்குக்குத் தம் கையொப்பத்தால் பொறுப்பேற்கச் செய்தது. முறைகேட்டால் கணக்கைத் திருத்த நேர்ந்தால், பன்னிரண்டு மாத ஊக்கத்தொகையையும் பங்கு விற்ற ஆதாயத்தையும் அவ்விருவர் திருப்ப வேண்டும். 2022இல் பங்குச் சந்தை ஆணையம் வகுத்த விதியோ, உயர் நிர்வாகிகள் மூன்றாண்டுகளில் மிகையாகப் பெற்றதை, அவர்மேல் தவறிருப்பினும் இல்லாவிடினும், கம்பெனி மீட்க வேண்டும் என்கிறது. ஆயினும் நிதிக் கணக்கின் அளவை வைத்துத் தரப்பட்ட ஊதியமே அதில் அடங்கும். இத்தனை ஆண்டு பணியில் இருந்தார் என்பதற்காக மட்டும் அளித்த பங்குகள், பொய் விலையில் விற்கப்பட்டிருந்தாலும், அவ்விதிக்கு வெளியேதான் நிற்கின்றன.